லிஸ் ஸ்மித்: பொம்மைக் கடையில் கண்டெடுத்தார்கள் என்பது பாதிக் கதைதான்

நாடகப்பித்தன்

பிரிட்டிஷ் தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்கு லிஸ் ஸ்மித்தின் முகம் தெரியாமல் இருக்காது. 'தி ராய்ல் ஃபேமிலி'யில் சோபாவில் உட்கார்ந்திருக்கும் நானா. 'தி விகார் ஆஃப் டிப்லி'யில் யாராலும் வாயில் வைக்க முடியாத பலகாரங்களைச் செய்துகொண்டு வரும் லெட்டீஷியா கிராப்லி. 2005-ல் வந்த 'சார்லி அண்ட் த சாக்லேட் ஃபேக்டரி'யில் கட்டிலை விட்டு இறங்காத நான்கு தாத்தா பாட்டிகளில் ஒருவரான ஜார்ஜினா பாட்டி.

இவரைப் பற்றி யார் எழுதினாலும் ஒரே கதையைத்தான் எழுதுகிறார்கள். 1970 கிறிஸ்துமஸ் சமயம். லண்டன் ரீஜன்ட் தெருவில் இருக்கும் ஹாம்லிஸ் பொம்மைக் கடையில் வாடிக்கையாளர்களுக்குப் பொம்மைகளை இயக்கிக் காட்டும் வேலை. வயது 49. கணவரைப் பிரிந்து, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். மைக் லீ என்ற இளம் இயக்குநர், ஒத்திகையில் தானாகவே பேசி நடிக்கத் தெரிந்த நடுத்தர வயதுப் பெண் ஒருவரைத் தேடுகிறார். அழைப்பு வருகிறது, போகிறார், நட்சத்திரமாகிவிடுகிறார்.

இதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் இப்படிச் சொல்லும்போது, நடிப்பே தெரியாத ஒரு கடைக்காரப் பெண்மணியை யாரோ கைதூக்கிவிட்டதுபோல ஆகிவிடுகிறது. நடந்தது அதுவல்ல. ஒன்பது வயதிலேயே ஊர் நாடகங்களில் மேடை ஏறியவர் அவர். அந்த வயதிலேயே கிழவி வேஷம்தான் பெரும்பாலும் கிடைத்தது. போருக்குப் பிறகு லண்டனில் சார்ல்ஸ் மரோவிட்ஸ் நடத்திய பயிற்சிக் குழுவில் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொண்டார். மரோவிட்ஸ் நியூயார்க்கில் இருந்து வந்தவர், மெதட் ஆக்டிங் முறையை (நடிகர் தன் சொந்த அனுபவத்திலிருந்து பாத்திரத்தை உள்ளிருந்து வாழ்ந்து நடிக்கும் முறை) லண்டன் நடிகர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர். பகலில் பிழைப்பு, மாலையில் பயிற்சி, விடுமுறைக் காலத்தில் பட்லின்ஸ் என்ற சுற்றுலா விடுதி முகாம்களில் நாடகம். மைக் லீ அழைத்தபோது அவர் கையில் பல ஆண்டுப் பயிற்சி இருந்தது, வாய்ப்பு மட்டும்தான் இல்லை.

இதைப் பற்றிப் பேசலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன். அவருடைய தொடர்களைப் பார்த்தவர்கள், பிடித்த காட்சி இருப்பவர்கள் எல்லாரும் எழுதுங்கள்.

மதுரை மல்லி

நல்ல இழை அண்ணா. நான் 'டிப்லி' மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாட்டி ஐம்பதில்தான் கேமரா முன்னால் வந்தார் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

ஒரு சந்தேகம். 49 வயது வரை வீட்டுச் செலவுக்கு என்ன செய்தார்? இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்து, வாடகை கொடுத்து, மாலையில் நடிப்புப் பயிற்சிக்கும் போவதென்றால் அந்தக் காலத்து லண்டனில் எப்படி முடிந்தது?

ஹாரோ அக்கா

மல்லி, சரியான இடத்தில் கேட்டிருக்கிறாய். எல்லாரும் தாவிக் கடந்துபோகும் பகுதி அதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லிஸ் ஸ்மித் பிறந்தது 1921 டிசம்பர் 11, லிங்கன்ஷயரில் இருக்கும் ஸ்கந்தார்ப் என்ற இரும்பாலை ஊரில். சொந்தப் பெயர் பெட்டி கிளீடில். இரண்டு வயதில் தாய் பிரசவத்தில் இறந்துபோனார். அப்பா மறுமணம் செய்துகொண்டார். பழைய வாழ்க்கையோடு ஒட்டும் இருக்கக் கூடாது, உறவும் இருக்கக் கூடாது என்று புது மனைவி சொல்ல, மகளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். வளர்த்தது அம்மாச்சியும் தாத்தாவும்தான். நாலு வயதிலிருந்தே சினிமாவுக்குக் கூட்டிப்போய் அந்த ஆசையை விதைத்தவர் தாத்தா.

இரண்டாம் உலகப் போரில் ரென்ஸ் எனப்படும் கடற்படை மகளிர் பிரிவில் சேர்ந்தார். இந்தியாவில் பணியில் இருந்தபோதுதான் ஜாக் தாமஸைச் சந்தித்தார். 1945-ல் கல்யாணம், ஒரு மகள், ஒரு மகன். அப்புறம் விவாகரத்து.

அதற்குப் பிறகு கிடைத்த வேலைகள் எல்லாம்தான். தபால் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். பிளாஸ்டிக் பை தயாரிக்கும் ஆலையில் பைகள் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்கும் வேலை பார்த்திருக்கிறார். கடைகளில் நின்றிருக்கிறார்.

அந்தக் காலத்தின் சட்டத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சமச் சம்பளம் என்ற சட்டம் பிரிட்டனில் 1970-ல்தான் நிறைவேறியது, நடைமுறைக்கு வந்தது 1975 கடைசியில். அதாவது அவர் ஆலையிலும் கடையிலும் உழைத்த ஆண்டுகளில், பெண் என்பதற்காகவே குறைத்துச் சம்பளம் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை.

நடிப்புத் தொழிலின் வாசலும் எளிதில் திறக்கிற வாசல் அல்ல. ஈக்விட்டி என்ற நடிகர் சங்க அட்டை இல்லாமல் தொழில்முறை வேடம் கிடைப்பது அரிது, வேடம் இல்லாமல் அட்டை கிடைப்பதும் அரிது. இளைஞர்கள் என்ன செய்வார்கள் என்றால், வெளியூர் ரெபர்ட்டரி தியேட்டர்களில் சேர்ந்து ஊர் ஊராகப் போய் வாரம் ஒரு நாடகம் போட்டு அட்டை வாங்குவார்கள். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு தாயால் அப்படி அலைய முடியுமா? அவர் மேடைக்குத் தாமதமாக வரவில்லை. கையில் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு அந்த வாசல் மூடியிருந்தது.

அவர் ஐம்பதில் ஜெயித்ததை நானும் கொண்டாடுகிறேன். ஆனால் 'முயன்றால் எந்த வயதிலும் முடியும்' என்ற வாழ்த்து அட்டை வாசகமாக அதை மாற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. முப்பதில் அவர் என்னவெல்லாம் செய்திருப்பார் என்று நமக்குத் தெரியாமலேயே போய்விட்டது.

திரைக்கதிர்

அக்கா சொல்வது நியாயம். ஆனால் நான் ஒரு மாற்றுக் கருத்து வைக்கிறேன்.

பயிற்சி இருந்தது, திறமை இருந்தது, சரி. அதே பயிற்சிக் குழுக்களில் அதே திறமையோடு இன்னும் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு அழைப்பு வரவில்லை, நமக்குப் பெயரும் தெரியாது. ஆகவே அதிர்ஷ்டத்தின் பங்கைக் குறைத்துச் சொல்லக் கூடாது என்பது என் வாதம். 1970-ல் மைக் லீக்கு வயது 27. அவர் எடுக்கப்போனது தன் முதல் படம். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு தாய் பாத்திரம். அவர் இளைஞர்களை மட்டும் வைத்து ஒரு கதை எடுத்திருந்தால், லிஸ் ஸ்மித் அடுத்த கிறிஸ்துமஸுக்கும் அதே கடையில்தான் நின்றிருப்பார்.

நாடகப்பித்தன், 'கண்டெடுத்தார்கள்' என்ற கதையை நீங்கள் மறுப்பது புரிகிறது. ஆனால் யாரும் கண்டுகொள்ளாமல் இருந்த ஒருவரை ஒருவர் கண்டுகொண்டார் என்பதும் உண்மைதானே?

நாடகப்பித்தன்

அதிர்ஷ்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை கதிர். மைக் லீ ஏன் அவரைப் போன்ற ஒருவரைத் தேடினார் என்பதைப் பார்த்தால் இது வெறும் குருட்டு அதிர்ஷ்டம் இல்லை என்று தெரியும்.

மைக் லீ வேலை செய்யும் விதம் தனி. எழுதி முடித்த ஸ்கிரிப்ட் நடிகர் கைக்கு வராது. ஒவ்வொரு நடிகரும் தனக்குத் தெரிந்த நிஜ மனிதர்களைப் பற்றி இயக்குநரிடம் பேசுவார். அதிலிருந்து ஒருவரை எடுத்து, அவர் எப்படி நடப்பார், எங்கே வேலை செய்வார், எதற்குக் கோபப்படுவார் என்று வாரக்கணக்கில் ஒத்திகையில் கட்டி எழுப்புவார்கள். பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதும்போது பிறக்கும் பேச்சுதான் பிறகு வசனமாக இறுகும். இதற்கு நாடகப் பள்ளியில் சுத்தமான உச்சரிப்புக் கற்றவர் மட்டும் போதாது. மனிதர்களை உற்றுக் கவனித்து மனதில் சேர்த்து வைத்திருப்பவர் வேண்டும். கூடவே, அந்தச் சேமிப்பை எழுத்தில் ஒரு வரிகூட இல்லாமல் நடிப்பாக மாற்றும் பயிற்சியும் வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம். ஆலையிலும் கடையிலும் நின்ற ஆண்டுகள் முதலாவதைக் கொடுத்தன, மரோவிட்ஸ் குழு இரண்டாவதைக் கொடுத்தது. மைக் லீ தன் முதல் படமான 'பிளீக் மொமெண்ட்ஸ்' கதையை முதலில் நாடகமாகப் போட்டதே மரோவிட்ஸ் நடத்திய ஓப்பன் ஸ்பேஸ் தியேட்டரில்தான். இரண்டு பேரும் ஒரே சின்ன உலகத்தில்தான் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் படம் 1971-ல் வந்தது. பணம் போட்டது நடிகர் ஆல்பர்ட் ஃபின்னியின் நிறுவனம். மறு ஆண்டு சுவிட்சர்லாந்தின் லோகார்னோ திரைப்பட விழாவில் தங்கச் சிறுத்தை விருது வாங்கியது.

ஆனால் நான் எல்லாருக்கும் சிபாரிசு செய்வது அடுத்ததை. 1973 மார்ச்சில் பிபிசியின் 'பிளே ஃபார் டுடே' வரிசையில் வந்த 'ஹார்ட் லேபர்'. மைக் லீயின் முதல் தொலைக்காட்சிப் படம், அவர் வளர்ந்த சால்ஃபோர்டிலேயே எடுத்தது. லிஸ் ஸ்மித்துக்கு முதன்மைப் பாத்திரம், மிஸஸ் தார்ன்லி. பணக்காரர் வீட்டில் துடைத்துப் பெருக்கிவிட்டு வந்து, தன் வீட்டிலும் அதே வேலையைத் தொடரும் பெண். கணவர் அதிகாரம் செய்வார், இவள் செய்துகொண்டே இருப்பாள்.

படத்தில் வாயைத் திறந்து தன்னைப் பற்றிப் பேசுவது அநேகமாக ஒரே இடத்தில்தான். சர்ச்சில் பாவமன்னிப்புக் கேட்கப் போகிறாள். என்ன பாவம் செய்தாய் என்றால், மனிதர்கள் மேல் தனக்குப் போதுமான அன்பு இல்லை என்கிறாள், கணவரிடமும் இல்லை என்கிறாள். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கே உழைத்த ஒருத்தி தன் குற்றமாக இதைச் சொல்கிறாள். பாதிரியார் வழக்கமான ஜெபத்தைச் சொல்லி அனுப்பிவிடுகிறார். லிஸ் ஸ்மித் அந்த இடத்தில் அழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. மளிகைக் கடையில் பாக்கி எவ்வளவு என்று கேட்பதுபோல அதே தொனியில் கேட்டுவிட்டு எழுந்து போகிறார். எத்தனை பெரிய நடிகையாக இருந்தாலும் அங்கே கொஞ்சமாவது கண் கலங்கிக் காட்டத் தோன்றும். இவருக்குத் தோன்றவில்லை. அது பயிற்சி, அது வாழ்க்கை, இரண்டையும் பிரிக்கவே முடியாது.

குயில்தோப்பு

'ஹார்ட் லேபர்' பார்ப்பவர்கள் டாக்சி ஓட்டுநரைக் கொஞ்சம் கவனியுங்கள். பென் கிங்ஸ்லி! காந்தியாக நடிப்பதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால். அலிசன் ஸ்டெட்மனும் இதில் இருக்கிறார். அவர்கள் இருவரும் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர்கள். முதன்மைப் பாத்திரம் செய்தவருக்கு வயது ஐம்பத்தொன்று.

திரைக்கதிர்

நாடகப்பித்தன் விளக்கியது நன்றாக இருந்தது. 'ஹார்ட் லேபர்' நானும் பார்த்திருக்கிறேன், அதனால்தான் எனக்கு ஒரு ஆதங்கம்.

அப்படி ஒரு நடிப்பைக் காட்டிய பிறகு அவருக்கு என்ன கொடுத்தார்கள்? அம்மா, மாமியார், பக்கத்து வீட்டுக் கிழவி, வேலைக்காரி. டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதையை 1984-ல் ஜார்ஜ் சி. ஸ்காட்டை வைத்து எடுத்தார்கள், 1999-ல் பேட்ரிக் ஸ்டூவர்ட்டை வைத்து எடுத்தார்கள். இரண்டிலும் செத்துப்போன கஞ்சன் ஸ்குரூஜின் சாமான்களைச் சுருட்டி விற்கும் மிஸஸ் டில்பர் இவர்தான்! பதினைந்து ஆண்டு இடைவெளியில் அதே வேடம். தயாரிப்பாளர்களின் மனதில் 'விசித்திரமான கிழவி வேண்டுமா, லிஸ் ஸ்மித்தைக் கூப்பிடு' என்று பதிந்துவிட்டது. மிஸஸ் தார்ன்லி மாதிரி ஒரு முழுக் கதையைத் தாங்கும் பாத்திரம் பிறகு எத்தனை கிடைத்தது? தாமதமாக உள்ளே விட்டார்கள், விட்ட பிறகும் ஒரே மூலையில் உட்கார வைத்தார்கள். அதை நாம் 'புகழ்பெற்ற நகைச்சுவை நடிகை' என்று சொல்லிப் பூசி மெழுகுகிறோம்.

ஹாரோ அக்கா

கதிர், முதன்மைப் பாத்திரங்கள் குறைவு என்பதில் நானும் உன் பக்கம்தான். ஐம்பது தாண்டிய பெண்ணை நடுவில் வைத்து எழுதுபவர்கள் அன்றைக்கும் குறைவு, இன்றைக்கும் குறைவு. ஆனால் அந்தச் சின்ன வேடங்களை மட்டமாக நினைக்காதே. அவர் அதற்குள் என்ன செய்தார் என்று பார்.

1984-ல் வந்த 'எ பிரைவேட் ஃபங்ஷன்'. ஆலன் பென்னட் எழுதியது. 1947, போர் முடிந்தும் ரேஷன் முடியாத இங்கிலாந்து. இளவரசி எலிசபெத்தின் கல்யாணத்தைக் கொண்டாட ஊர்ப் பெரிய மனிதர்கள் திருட்டுத்தனமாக ஒரு பன்றியை வளர்க்கிறார்கள். அதை ஒரு கால் வைத்தியரும் அவர் மனைவியும் திருடிக்கொண்டு வந்து வீட்டில் வைக்கிறார்கள். மனைவி மேகி ஸ்மித், கணவர் மைக்கேல் பேலின், மனைவியின் தாய் லிஸ் ஸ்மித். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பாகவே இருக்கும் மறதிக் கிழவி. எழுத்தில் பார்த்தால் சிரிப்புக்காக வைத்த பாத்திரம். அவர் நடிக்கும்போது, பசியோடு பல ஆண்டுகள் இருந்த ஒரு தலைமுறையே அந்தக் கிழவியின் கண்ணில் தெரியும். போரையும் ரேஷன் அட்டையையும் நேரில் பார்த்தவர் ஆயிற்றே. அந்தப் படத்துக்கு பிரிட்டனின் திரை விருதான பாஃப்டாவில் நடிப்புக்கு மூன்று விருது: மேகி ஸ்மித், டென்ஹோம் எலியட், சிறந்த துணை நடிகையாக லிஸ் ஸ்மித். பொம்மைக் கடையை விட்டு வந்து பதினாலு வருஷத்தில்.

அப்புறம் 'டிப்லி'. தொடர் தொடங்கியது 1994 நவம்பரில். அதே ஆண்டு மார்ச்சில்தான் இங்கிலாந்துத் திருச்சபை முதன்முதலாகப் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்திருந்தது. ஊரே அதைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்த நேரம். ஒரு கிராமத்துக்குப் பெண் பாதிரியார் வருகிறார், அந்த வேடத்தில் டான் ஃபிரெஞ்ச். ஊர்ச் சபையில் இருக்கும் லெட்டீஷியா பார்ஸ்னிப் கிழங்கில் பிரௌனி செய்வார், கேக்கில் மார்மைட் என்ற உப்புக் கரிக்கும் ஈஸ்ட் பசையைப் போடுவார். அவர் தட்டை நீட்டும்போது முகத்தைப் பாருங்கள். தான் செய்தது பிரமாதமாக இருக்கிறது என்பதில் துளிக்கூடச் சந்தேகம் இருக்காது. தானும் சிரிக்க வைக்க வந்தவள் என்று அந்த முகம் ஒரு நொடிகூடக் காட்டிக்கொடுக்காது. நகைச்சுவை அங்கேதான் நிற்கிறது.

1996 ஈஸ்டர் சிறப்பு நிகழ்ச்சியில் அந்தப் பாத்திரம் இறந்துபோகும். சாகும் தறுவாயில் பாதிரியாரிடம் ஒரு ரகசியம் சொல்கிறார். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு ஈஸ்டருக்கும் முயல் வேஷம் போட்டு முட்டை வைத்துக்கொண்டிருந்தது நான்தான், இனி நீ செய் என்கிறார். பாதிரியார் முயல் உடையில் இரவில் கிளம்பிப் போனால், ஊர்ச் சபைக்காரர்களும் அதே உடையில் வந்து நிற்கிறார்கள். கிழவி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக அதே ரகசியத்தைச் சொல்லி வைத்திருக்கிறார். ஆள் திரையில் இல்லை, ஆனால் அந்தக் காட்சி முழுக்க அவருடையதுதான்.

மான்செஸ்டர் மழை

இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 'ராய்ல் ஃபேமிலி' பற்றி யாரும் எழுதாமல் இருக்கவே, இந்த ஊர்க்காரன் என்ற உரிமையில் நான் எழுதுகிறேன்.

பெயரைப் பார்த்து அரச குடும்பம் என்று நினைத்துவிடாதீர்கள். ராய்ல் என்பது மான்செஸ்டரில் நகராட்சி வீட்டில் வாழும் ஓர் ஏழைக் குடும்பத்தின் பெயர். 1998 செப்டம்பரில் பிபிசியில் தொடங்கியது. கரோலைன் ஆஹெர்னும் கிரெய்க் கேஷும் முன்னின்று எழுதினார்கள், இருவரும் நடிக்கவும் செய்தார்கள். கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. குடும்பம் மொத்தமும் தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு பேசும். பின்னணியில் சிரிப்பொலி கிடையாது. பார்வையாளர் எங்கே சிரிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். அந்த நாளில் பிரிட்டிஷ் காமெடித் தொடர் என்றாலே சிரிப்பொலி இருந்தாக வேண்டும் என்றிருந்த காலம்.

இப்படி ஒரு தொடரில் நடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள். எழுந்து நடக்க இடம் இல்லை. கை கால் ஆட்டிக் காட்ட முடியாது. பாதி நேரம் யார் முகத்தையும் பார்த்துப் பேச முடியாது, கண் டிவி மேல் இருக்க வேண்டும். லிஸ் ஸ்மித் செய்த நானா, வீட்டம்மா பார்பராவின் தாய். கண் புரை ஆபரேஷன் பற்றி, சாப்பாடு பற்றி, யார் செத்துப்போனார்கள் என்பது பற்றிப் பேசுவார். மருமகன் ஜிம்முக்கு அவரைக் கண்டாலே ஆகாது, வாய்க்கு வந்தபடி பேசுவார். நானா காதில் விழாததுபோல உட்கார்ந்திருப்பார். உண்மையில் விழுகிறதா இல்லையா என்பதை லிஸ் ஸ்மித் கடைசிவரை சொல்லவே மாட்டார். ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவில் அவர் எடுத்துக்கொள்ளும் இடைவெளியை மட்டும் கவனித்துப் பாருங்கள். வேறு யாராக இருந்தாலும் இயக்குநர் வெட்டியிருப்பார்.

மூன்று தொடர் (சீசன்) முடிந்து, ஆறு வருஷம் கழித்து, 2006 அக்டோபர் 29 அன்று ஒரு சிறப்புப் பகுதி வந்தது. பெயர் 'த குவீன் ஆஃப் ஷீபா'. நானாவால் இனி எழுந்திருக்க முடியாது. அந்தச் சின்ன முன்னறையிலேயே கட்டில் போட்டிருக்கிறார்கள், டிவியும் அங்கேயேதான். ஒரு காட்சியில் பார்பரா தாய்க்குத் தலை சீவி அலங்காரம் செய்துவிடுகிறார். பார்பராவாக நடிக்கும் சூ ஜான்ஸ்டன் சீவ, லிஸ் ஸ்மித் அந்தக் கைக்குள் தலையைக் கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிறார். ஷீபா ராணிபோல உணர்கிறேன் என்று சொல்வதிலிருந்துதான் தலைப்பு வந்தது. மரணத்தைப் பற்றி யாரும் நேரடியாகப் பேசவில்லை. நானா போன பிறகு உடைந்துபோவது ஜிம். இத்தனை வருஷமும் திட்டித் தீர்த்த அதே ஜிம்.

அந்தப் பகுதிக்கு பாஃப்டா கிடைத்தது. லிஸ் ஸ்மித்துக்கு அப்போது வயது 84. கதிர் அண்ணா, அவருக்கு முழுப் பாத்திரம் கிடைக்கவில்லை என்றீர்கள். ஒரு மணி நேரக் கதை முழுவதும் அந்தக் கட்டிலைச் சுற்றித்தான் நகர்கிறது. 'ஹார்ட் லேபர்' பக்கத்தில் இதை வைக்கலாம்.

மதுரை மல்லி

நேற்று ராத்திரி அந்தப் பகுதியைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். எங்கள் ஆச்சியையும் கூடத்தில் கட்டில் போட்டுத்தான் வைத்திருந்தோம், டிவி சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். தலை சீவும்போது ஆச்சி கழுத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். படுக்கையில் இருக்கும் பெரியவர்கள், நம்மை ஒருவர் தொடுகிறார் என்பதற்காகவே செய்யும் அசைவு அது. இந்த அம்மா அதை அப்படியே செய்கிறார். யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாரோ!

குயில்தோப்பு

மல்லி, அவரை வளர்த்ததே அம்மாச்சி ஆயிற்றே.

இன்னொன்று சொல்ல வேண்டும். 'சார்லி அண்ட் த சாக்லேட் ஃபேக்டரி'யில் அந்த நாலு பேர் கட்டிலை முதல் பதிவில் பார்த்ததும் நினைவு வந்தது. ஜார்ஜினா பாட்டி லிஸ் ஸ்மித். அதே கட்டிலில் இருக்கும் ஜோசஃபின் பாட்டி யார் தெரியுமா? ஐலீன் எசல், 1922-ல் பிறந்தவர். இளமையில் கொஞ்ச காலம் மேடையில் நடித்துவிட்டு விலகி, நாடகம் சொல்லித்தரும் ஆசிரியையாக இருந்தவர். கணவர் ஜெரார்ட் மக்லார்னன் நாடக ஆசிரியர். அவர் இறந்த பிறகு, எண்பதை நெருங்கும் வயதில் மறுபடி நடிக்க வந்தார். 2003-ல் 'டூப்ளெக்ஸ்' படத்தில் பென் ஸ்டில்லருக்கும் ட்ரூ பேரிமோருக்கும் தண்ணி காட்டும் மாடி வீட்டுக் கிழவி அவர்தான்.

திரைக்கதிர்

ஐலீன் எசல் பற்றித் தெரியாது, நன்றி. ஆனால் இரண்டு பேருக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. எசல் நாடக உலகத்துக்குள்ளேயே இருந்தார். ஸ்மித் பிளாஸ்டிக் பை ஆலையில் இருந்தார். ஹாரோ அக்கா சொன்ன விஷயம் இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்தால் இன்னும் தெளிவாகிறது.

'குவீன் ஆஃப் ஷீபா' பெரிய வேலை, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் 51-க்கும் 84-க்கும் நடுவில் முப்பத்து மூன்று வருஷம். அந்த இடைவெளியில் அப்படி இன்னும் நாலு ஐந்து எழுதியிருக்கலாம் என்ற என் ஆதங்கம் அப்படியேதான் இருக்கிறது.

ஹாரோ அக்கா

அந்த ஆதங்கம் எனக்கும் இருக்கிறது கதிர். எழுத ஆள் இல்லாததுதான் குறை. ஆஹெர்ன் அதை எழுதியபோது வயது நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று இருக்கும். இளம் வயதுக்காரர்கள் பாட்டிகளை உற்றுப் பார்த்து எழுதிய ஒவ்வொரு முறையும் லிஸ் ஸ்மித் அவர்களுக்கு எதிரே தயாராக நின்றிருக்கிறார். லீ 27 வயதில் எழுப்பினார், ஆஹெர்ன் முப்பதுகளில் தொடங்கினார்.

மதுரை மல்லி

கடைசி வரை நடித்தாரா? எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்றும் யாராவது சொல்லுங்கள். அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறேன்.

நாடகப்பித்தன்

87 வயது வரை நடித்தார். 2008-ல் பிபிசியின் 'லார்க் ரைஸ் டு கேண்டில்ஃபோர்ட்' தொடரில் ஜில்லா என்ற வயதான பணிப்பெண்ணாக வந்தார். சுயசரிதை எழுதினார், சிறுகதைகளும் எழுதினார். 2009-ல் அடுத்தடுத்துப் பக்கவாதம் வந்ததால் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். அதே ஆண்டு எம்பிஇ என்ற பிரிட்டிஷ் அரச விருது கிடைத்தது. 2016 டிசம்பர் 24 அன்று, 95-ஆவது வயதில் இறந்தார். அதே ஆண்டு ஜூலையில்தான் கரோலைன் ஆஹெர்ன் புற்றுநோயால் போனார், அவருக்கு 52 வயதுதான்.

அம்மாவோடு பார்ப்பதென்றால் 'டிப்லி' முதல் தொடரில் தொடங்கு மல்லி. உச்சரிப்பு எளிது, அம்மாவுக்கும் பிடிக்கும். அடுத்து 'எ பிரைவேட் ஃபங்ஷன்'. அப்புறம் 'ராய்ல் ஃபேமிலி' முதல் தொடரில் நாலு ஐந்து பகுதி. மான்செஸ்டர் பேச்சு பழக நேரம் எடுக்கும், சப்டைட்டில் போட்டுக்கொள். நீ ஏற்கெனவே பார்த்த 'குவீன் ஆஃப் ஷீபா'வை அம்மாவுக்கு அதற்குப் பிறகுதான் காட்டு, ஜிம் அந்தப் பாட்டியை என்னவெல்லாம் திட்டியிருக்கிறார் என்று தெரிந்தால்தான் அந்த முடிவு சரியாக வந்து சேரும். 'ஹார்ட் லேபர்' நீ மட்டும் தனியாகப் பார், ஒரே மூச்சில், போன் இல்லாமல். பார்த்துவிட்டு வந்து அந்தப் பாவமன்னிப்புக் காட்சி பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று இங்கேயே எழுது.

மான்செஸ்டர் மழை

'ராய்ல்' முதல் தொடர் பார்க்கும்போது ஏதாவது பேச்சு புரியாவிட்டால் இங்கே கேளுங்கள் மல்லி. பாதி வசனம் எங்கள் தெருவில் தினமும் காதில் விழுவதுதான்.